எல்லை போயிற்று, டிக்கெட்டு ஒன்றாகவில்லை!

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க ரெயில் நல்லதா, கார் நல்லதா?

ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு எல்லைக் கதவு இருந்த காலம் ஒன்று உண்டு. பிரான்சில் இருந்து ஜெர்மனிக்குப் போகும் ரெயில் எல்லையில் நிற்கும். போலீசார் ஏறுவார்கள். பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்லுவார்.

இப்பொழுது அந்தக் கதவு இல்லை. 29 நாடுகளுக்கு ஒரே விசா. காலையில் பாரீசில் காப்பி குடித்துவிட்டு, பகல் சாப்பாட்டைச் சுவிட்சர்லாந்தில் சாப்பிடலாம்.

ஆனால் ஒரு வேடிக்கையைப் பாருங்கள்!

29 நாடுகளுக்கு ஒரே விசா இருக்கிறது. ஆனால் எந்த ஊரில் இருந்தும் எந்த ஊருக்கும் ஒரே ரெயில் டிக்கெட்டு கிடைப்பது இல்லை. ஒரு நாட்டில் எடுத்த வாடகைக் காரை இன்னொரு நாட்டில் விட்டால், அதற்குக் கேட்கும் கூடுதல் பணம் சில சமயம் வாடகையையே தாண்டிவிடும்.

மனிதனுக்கு எல்லை போய்விட்டது. டிக்கெட்டுக்கு எல்லை போகவில்லை.

ஏன் இப்படி? ஐரோப்பாவில் இன்று இதுவே ஒரு பெரிய அரசியல் விவாதம். அங்கே போக நினைக்கும் குடும்பத்துக்கோ இது பணப் பிரச்சினை. இந்த விவரம் தெரியாமல் திட்டம் போட்டால், ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணம் வழியிலேயே கரைந்துவிடும்.

ஆற்றங்கரையில் ஓர் ஒப்பந்தம்

லக்சம்பர்க் என்று ஒரு குட்டி நாடு. அங்கே மோசல் ஆற்றங்கரையில் ஷெங்கன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பிரான்சும் ஜெர்மனியும் லக்சம்பர்க்கும் அந்த இடத்தில்தான் சந்திக்கின்றன.

1985-ம் ஆண்டு ஜூன் 14-ந்தேதி, அந்த ஆற்றில் ஒரு கப்பலில் வைத்து 5 நாடுகள் கையெழுத்துப் போட்டன. பிரான்சு, மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகியவையே அந்த 5 நாடுகள். "நமக்குள் எல்லைச் சோதனை வேண்டாம்" என்பதுதான் ஒப்பந்தம். 1995 மார்ச் 26-ல் அது நடைமுறைக்கு வந்தது.

பிறகு ஒவ்வொரு நாடாகச் சேர்ந்தது. குரோவேசியா 2023-ல் வந்தது. ருமேனியாவுக்கும் பல்கேரியாவுக்கும் தரைவழிக் கதவு 2025 ஜனவரி 1-ந்தேதி திறந்தது.

இங்கிலாந்து இதில் சேரவே இல்லை. அயர்லாந்தும் சேரவில்லை. "லண்டனையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம்" என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டு வைத்திருப்பவர்களுக்கு அங்கே போகத் தனி விசா வேண்டும். தனிக் கட்டணமும் உண்டு.

திட்டம் முதலில், விசா பிறகு

ஷெங்கன் விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ கட்டணம். 2024 ஜூன் மாதத்தில் 80-ல் இருந்து 90 ஆக உயர்த்தினார்கள். 6 வயது முதல் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 45 யூரோ. 6 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்சூரன்சும் எடுக்க வேண்டும்.

எந்த நாட்டுத் தூதரகத்தில் மனு கொடுப்பது? எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டில். எல்லா நாட்டிலும் நாட்கள் சமம் என்றால், முதலில் நுழையும் நாட்டில்.

ஆகவே ஊர்களையும் நாட்களையும் முடிவு செய்யாமல் விசாவுக்கு மனுப் போட முடியாது. திட்டம் முதலில், விசா பிறகு.

180 நாளில் 90 நாள் தங்கலாம் என்பது விதி. முன்பெல்லாம் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையைப் பார்த்துக் கணக்கிடுவார்கள். 2025 அக்டோபர் 12 முதல் புது முறை தொடங்கியது. வெளிநாட்டார் நுழைவதையும் வெளியேறுவதையும் கம்ப்யூட்டரில் பதிவு செய்கிறார்கள். முகத்தைப் படம் பிடிக்கிறார்கள். கைரேகையையும் சரிபார்க்கிறார்கள். ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் கம்ப்யூட்டர் காட்டிக் கொடுத்துவிடும்.

உள் எல்லையிலும் சோதனை அடியோடு ஒழிந்துவிடவில்லை. 2015-ல் பாரீசில் நடந்த பயங்கரத் தாக்குதலுக்குப் பிறகு பிரான்சு மீண்டும் சோதனையைக் கொண்டுவந்தது. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன்னுடைய எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனை தொடங்கியது. பிறகு அதைத் திரும்பத் திரும்ப நீட்டித்தது.

ஆகவே, பாஸ்போர்ட்டை ஓட்டல் அறையில் வைத்துவிட்டு அடுத்த நாட்டுக்குப் போகக் கூடாது.

தண்டவாளத்தில் இருக்கிறது எல்லை

நம் நாட்டில் கன்னியாகுமரியில் ஏறுகிறவர் ஒரே டிக்கெட்டில் ஜம்மு வரை போகலாம். நடுவில் எத்தனையோ மாநிலங்கள், எத்தனையோ மொழிகள். ஆனால் ரெயில்வே ஒன்று.

ஐரோப்பாவில் அப்படி அல்ல. ஒவ்வொரு நாடும் தன் ரெயில்வேயைத் தானே போட்டுக்கொண்டது.

ஸ்பெயின் நாட்டின் பழைய தண்டவாளம் 1,668 மில்லி மீட்டர் அகலம். பக்கத்து நாடான பிரான்சில் 1,435 மில்லி மீட்டர்தான். இந்த வண்டி அந்தத் தண்டவாளத்தில் ஓடாது! 1992-ல் ஸ்பெயின் அதிவேக ரெயில் விட்டபோதுதான் 1,435 அகலத்தில் புதுப் பாதை போட்டது.

மின்சாரமும் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளில் 15,000 வோல்ட். பிரான்சின் அதிவேகப் பாதைகளில் 25,000 வோல்ட். இத்தாலியின் பழைய பாதைகளில் 3,000 வோல்ட். சிக்னல் முறைகளும் வேறு. எல்லை தாண்டும் எஞ்சின், இவை எல்லாவற்றுக்கும் ஏற்றபடி செய்த எஞ்சினாக இருக்க வேண்டும். அதனால் விலை அதிகம். அத்தகைய வண்டிகள் குறைவு.

டிக்கெட்டு விற்பதும் இப்படியே. ஒவ்வொரு ரெயில்வேயும் தன் டிக்கெட்டைத் தன் கடையிலேயே விற்க விரும்புகிறது. மற்றவர்கள் விற்பதற்கு எளிதில் இடம் கொடுப்பது இல்லை.

வண்டி தவறினால் யார் பொறுப்பு?

இதனால் பிரயாணிக்கு என்ன நஷ்டம்? ஓர் உதாரணம் பாருங்கள்.

ஒரு குடும்பம் ஜெர்மனியில் இருந்து பாரீஸ் வழியாக ஸ்பெயினுக்குப் போகிறது. பாரீஸ் வரை ஒரு டிக்கெட்டு. பாரீசில் இருந்து பார்சலோனாவுக்கு வேறு டிக்கெட்டு. முதல் வண்டி ஒரு மணி நேரம் தாமதம். இரண்டாவது வண்டி போய்விட்டது.

மலிவு டிக்கெட்டு அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும். "உங்களை நேரத்துக்குக் கொண்டுவராதது அவர்கள் குற்றம், எங்கள் வண்டி நேரத்துக்குப் போய்விட்டது" என்று இரண்டாவது கம்பெனி சொல்லலாம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. 4 பேர் கொண்ட குடும்பம் 4 புது டிக்கெட்டு வாங்க வேண்டியதுதான். கடைசி நேர டிக்கெட்டு விலையோ மிக அதிகம்.

முழு வழிக்கும் ஒரே டிக்கெட்டாக இருந்தால் கதை வேறு. அடுத்த வண்டியில் ஏற்றிவிடுவது கம்பெனியின் கடமை. ஒரு மணிக்கு மேல் தாமதம் ஆனால் கட்டணத்தில் 100-க்கு 25 திரும்பக் கிடைக்கும். 2 மணிக்கு மேல் என்றால் 100-க்கு 50. வெள்ளம், புயல் போன்ற காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. 2023 ஜூன் 7 முதல் நடக்கும் ஐரோப்பியச் சட்டம் இது.

பாரீசில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. அந்த நகரில் பெரிய ரெயில் நிலையங்கள் பல. ஜெர்மனி வண்டி வந்து நிற்பது ஒரு நிலையம். பார்சலோனா வண்டி கிளம்புவது வேறொரு நிலையம். பெட்டி படுக்கையோடு நகருக்குள் போக வேண்டும். இதற்கே ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

ஜெர்மனியிலா இப்படி?

"ஜெர்மனிக்காரன் கடிகாரம் மாதிரி" என்று சொல்லுவார்கள். ரெயில் விஷயத்தில் இன்று அப்படிச் சொல்ல முடியாது. 2024-ல் ஜெர்மனியின் தொலைதூர ரெயில்களில் 100-க்கு 62 அல்லது 63 வண்டிகள்தான் நேரத்துக்கு வந்தன. அதுவும் 6 நிமிடத்துக்கு உள்பட்ட தாமதத்தைக் கணக்கில் சேர்க்காமல்!

காரணம் என்ன? பல ஆண்டுகளாகத் தண்டவாளத்துக்கும் பாலத்துக்கும் சிக்னலுக்கும் போதிய பணம் போடவில்லை. இப்பொழுது எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பழுது பார்க்கிறார்கள். அதனாலும் தாமதம்.

பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தில் 100-க்கு 90-க்கும் மேல் நேரத்துக்கு வருகின்றன. தாமதமாக வரும் ஜெர்மன் வண்டியைச் சுவிஸ் ரெயில்வே பாசல் நகரோடு நிறுத்திவிடுவது உண்டு. பிரயாணிகளை இறக்கித் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொள்ளுகிறார்கள். தங்கள் கால அட்டவணை கெட்டுவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை.

ஆகவே ஜெர்மனி வழியாகப் போகிறவர்கள், வண்டி மாறும் இடத்தில் ஒரு மணி நேரமாவது இடைவெளி வைக்க வேண்டும்.

விமானம் ஏன் மலிவு?

"ரெயிலைவிட விமானம் மலிவாக இருக்கிறதே!" என்று பலர் ஆச்சரியப்படுவது உண்டு.

நாடு விட்டு நாடு போகும் விமானத்தின் எண்ணெய்க்கு அங்கே வரி இல்லை. ரெயில் கம்பெனியோ மின்சாரத்துக்குக் கொடுக்க வேண்டும். ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் தண்டவாளக் கட்டணமும் கட்ட வேண்டும். போட்டி எப்படிச் சமமாகும்?

ஆனால் புகைக் கணக்கு நேர் எதிர். ஐரோப்பாவின் வெப்பப் புகையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போக்குவரத்தில் இருந்து வருகிறது. அந்தப் பங்கில் ரெயிலின் கணக்கு 100-க்கு 1 கூட இல்லை. அதனால்தான் சர்க்கார்கள் மக்களை ரெயிலுக்குத் திருப்பப் பார்க்கின்றன.

பிரான்சு 2023 மே மாதத்தில் ஒரு தடை போட்டது. இரண்டரை மணிக்குள் ரெயிலில் போக வசதி உள்ள சில ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் கூடாது என்றது. பாரீசின் ஓர்லி விமான நிலையத்தில் இருந்து லியோன், நாந்த், போர்தோ நகரங்களுக்குப் போன விமானங்கள் நின்றன.

அதே பிரான்சு இன்னொரு காரியமும் செய்தது. பாரீசில் இருந்து வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் ஆஸ்திரிய ரெயில்வே இரவு ரெயில் விட்டு வந்தது. அதற்குக் கொடுத்த உதவித் தொகையைப் பிரெஞ்சு சர்க்கார் நிறுத்திவிட்டது. 2025 டிசம்பரில் ஆஸ்திரிய ரெயில்வே அந்த வண்டிகளை நிறுத்தியது. இரவு ரெயில் என்றால் ஓர் இரவு ஓட்டல் செலவு மிச்சம். அந்த மிச்சம் போயிற்று.

வாடகைக் கார் எங்கே உதவும்?

நம் ஊரில் வாடகைக் கார் என்றால் டிரைவரும் உண்டு. அங்கே காரை மட்டுமே கொடுப்பார்கள். நாமே ஓட்ட வேண்டும். சாலையில் வலது பக்கமாகப் போக வேண்டும். கிளட்ச், கியர் உள்ள கார்தான் மலிவு. தானாகக் கியர் மாறும் காருக்கு வாடகை அதிகம்.

நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிப் போக வேண்டும். அது ஓர் ஆண்டுக்குச் செல்லும்.

பெரிய நகருக்குள் கார் ஒரு சுமை. நிறுத்த இடம் கிடைக்காது. கிடைத்தாலும் கட்டணம் அதிகம். இத்தாலியில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பிளாரன்ஸ், ரோம், சியனா போன்ற ஊர்களில் நகரின் பழைய பகுதிக்குள் வெளி ஊர்க் கார் நுழையக் கூடாது. பலகை வைத்திருப்பார்கள். போலீஸ்காரர் இருக்க மாட்டார், காமிரா இருக்கும். நாம் ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து அபராத நோட்டீசு வரும். வெளிநாட்டாருக்கு 360 நாள் வரை நோட்டீசு அனுப்பச் சட்டம் இடம் கொடுக்கிறது. நம் விலாசத்தைப் போலீசுக்குக் கொடுத்த வேலைக்கென்று கார் கம்பெனியும் தனியாகப் பணம் பிடித்துக்கொள்ளும்.

சாலைக் கட்டணமும் நாட்டுக்கு நாடு மாறும். இத்தாலியிலும் பிரான்சிலும் பெருஞ்சாலையில் போன தூரத்துக்குப் பணம். சுவிட்சர்லாந்தில் ஓர் ஆண்டுக்குச் சேர்த்து 40 பிராங்கு. ஒரே நாள் ஓட்டினாலும் அதே 40 பிராங்குதான்! ஜெர்மனியில் சிறு கார்களுக்குக் கட்டணமே இல்லை.

அப்படியானால் கார் எதற்கு? ரெயில் போகாத மலைக் கிராமத்துக்கு. திராட்சைத் தோட்டத்துக்கு. பஸ் நாளைக்கு இரண்டு முறை மட்டும் வரும் சிற்றூருக்கு. அங்கே காருக்கு நிகர் இல்லை.

ஒரு மாதிரித் திட்டம்

14 இரவுகள். 3 நாடுகள். தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுவோம்.

பாரீசில் இறங்கி 3 இரவு. அங்கிருந்து சூரிச் நகருக்கு அதிவேக ரெயில். ஏறக்குறைய 4 மணி நேரம். சூரிச்சில் இருந்து ஒரு மணிக்குள் ஏரிக்கரை ஊரான லூசெர்ன். அங்கே 3 இரவு.

அடுத்து மிலான் போகும் ரெயில். ஆல்ப்ஸ் மலையின் அடியில் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்டு சுரங்கம் வழியாகப் போகும் வண்டி அது. 2016-ல் திறந்த அந்தச் சுரங்கமே உலகின் மிக நீளமான ரெயில் சுரங்கம். மிலானில் வண்டி மாறி, ஏறக்குறைய 2 மணியில் பிளாரன்ஸ். அங்கே 2 இரவு.

இப்பொழுதுதான் கார் எடுக்க வேண்டும். பிளாரன்சில் எடுத்து, 3 இரவு டஸ்கனி கிராமங்களைச் சுற்றிவிட்டு, பிளாரன்சிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். எடுத்த ஊரிலேயே விடுவதால் கூடுதல் பணம் இல்லை. எல்லையும் தாண்டவில்லை. பிறகு ஒன்றரை மணி ரெயிலில் ரோம். 3 இரவு. அங்கிருந்தே ஊருக்கு விமானம்.

இத்தாலியில் மட்டும் 8 இரவு ஆயிற்று. ஆகவே விசா மனு இத்தாலிக்கு. பாரீசில் இறங்கி ரோமில் ஏறுவதால், வந்த வழியே திரும்பும் செலவும் மிச்சம்.

டிக்கெட்டு எப்பொழுது வாங்குவது? பாரீஸ்–சூரிச் வண்டிக்கும் இத்தாலி அதிவேக வண்டிக்கும் முன்கூட்டி வாங்க வேண்டும். விமான டிக்கெட்டு போல நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். விசா வரும் முன்பே வாங்குகிறவர்கள், பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டா என்று பார்த்து வாங்க வேண்டும். சுவிட்சர்லாந்துக்குள் ஓடும் சாதாரண ரெயிலுக்கு அவசரம் இல்லை. அன்றைக்கு வாங்கினாலும் சாதாரணக் கட்டணம் அதேதான்.

யூரெயில் பாஸ் என்று ஒன்று உண்டு. 1959-ல் வந்தது. 33 நாடுகளில் செல்லும். பெரியவரோடு வரும் 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பிரான்சிலும் இத்தாலியிலும் அதிவேக வண்டியில் ஏற, பாஸ் இருந்தாலும் இடம் பதிவு செய்யத் தனிப் பணம் கொடுக்க வேண்டும். நம் திட்டத்தில் நீண்ட ரெயில் பிரயாணம் மூன்றே நாள்தான். தனித்தனி டிக்கெட்டு விலையையும் பாஸ் விலையையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. தினமும் ஊர் மாறுகிறவர்களுக்கே பாஸ் லாபம்.

ஒரே டிக்கெட்டு வருமா?

2024 ஜூலையில், ஐரோப்பியக் கமிஷனின் தலைவி உர்சுலா பான் டெர் லேயன் ஒரு வாக்குறுதி கொடுத்தார். பல கம்பெனி ரெயில்களுக்கும் ஒரே இடத்தில் ஒரே டிக்கெட்டு வாங்கலாம். முழு வழிக்கும் பிரயாணிக்கு உரிமை இருக்கும். அதற்குச் சட்டம் வரும் என்றார். 2025 நவம்பரில் கமிஷன் அதிவேக ரெயில் திட்டம் ஒன்றையும் வெளியிட்டது. பெர்லினில் இருந்து கோபன்ஹேகனுக்கு 7 மணி நேரம் ஆகிறது. 2030-க்குள் அதை 4 மணியாகக் குறைப்பது அதில் ஒரு பகுதி.

போட்டி வந்த இடத்தில் நன்மை தெரிகிறது. மாட்ரிட்–பார்சலோனா பாதையில் 2021-ல் ஒரு புதுக் கம்பெனியும், 2022-ல் இன்னொன்றும் வண்டி விட்டன. கட்டணம் இறங்கியது. கூட்டம் ஏறியது.

ஆனால் பெரிய ரெயில்வேக்கள் தயங்குகின்றன. தங்கள் வாடிக்கைக்காரரை இழக்க அவர்களுக்கு மனம் இல்லை. வேறு கம்பெனி வண்டி தாமதமானால் அந்த நஷ்டம் தங்கள் தலையில் விழுமோ என்ற பயமும் உண்டு.

5 நாடுகள் கப்பலில் கையெழுத்துப் போட்ட பிறகு, எல்லைக் கதவு திறக்க ஏறக்குறைய 10 ஆண்டு ஆயிற்று. கதவைத் திறக்க மந்திரிகள் ஒப்புக்கொண்டால் போதும். டிக்கெட்டை ஒன்றாக்க, பணம் வாங்கும் கம்பெனிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது இன்னும் கடினமான காரியம்.

அதுவரை பிரயாணி தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நகருக்கு நகர் ரெயிலில் போங்கள். கிராமத்தைப் பார்க்க மட்டும் கார் எடுங்கள். எடுத்த நாட்டிலேயே காரை விடுங்கள். வண்டி மாறும் இடத்தில் ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரம், 4 டிக்கெட்டின் விலையைக் காப்பாற்றும்.